கண்ணி திறந்திருக்கும்வரை

பங்கு மாற்றம் வரும்போதெல்லாம் நம்முடன் புத்தகங்களும் திருவுடைகளும் பயணப்படும். அவற்றோடு, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு சிறு பொட்டலமும் வரும். அதனுள் இருப்பது பீடத்துகிலுக்கான ஓரப்பின்னல். வெண்ணூலால் குரோஷா ஊசி கொண்டு கையால் பின்னியது. ஐந்து முழ நீளம், அரைச் சாண் அகலம். அதில் பதினெட்டு ரோசாப்பூக்கள். முதற் பதினாறு பூக்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாயிருக்கும். கடைசி இரண்டு மட்டும் சற்றே கோணியிருக்கும். அந்தக் கோணலைப் பார்க்கும்போதெல்லாம் நம் மனச்சான்று விழித்துக்கொள்கிறது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி அது. குமரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இளம் பங்குத்தந்தையாக இருந்தோம். பத்து நாள் பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்திற்கு முந்தின மாலை. எழுபத்தைந்து வயதைக் கடந்த கைம்பெண் ஒருவர் கோயிற்படியேறி வந்தார். சிறுவயதில் கன்னியர் இல்லத்தில் வளர்ந்தவர். அங்கே கற்ற பின்னல் வேலை அவரது கையைவிட்டு நீங்கியதில்லை. பொட்டலத்தைப் பிரித்து நீட்டி, "சாமி, நானே பின்னினது. திருநாளுக்குப் பீடத்தில போடுவியளா?" என்று கேட்டார். அன்று நமக்கு ஆயிரம் வேலைகள். ஒளியமைப்பாளர் ஒருபுறம், அன்பியத் தலைவர்கள் மறுபுறம் நின்றுகொண்டிருந்தனர். "நல்லா இருக்கு பாட்டி. வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றோம்.

'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு நம் மொழியில் எத்தனை பொருள்! பெரும்பாலும் அது 'பார்க்கமாட்டோம்' என்பதன் பணிவான வடிவமே. நகரத்துக் கடையிலிருந்து சரிகை மின்னும் பட்டுத்துகில் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். திருவிழாவின் பத்து நாளும் அதுவே பீடத்தை அணிசெய்தது. அந்தப் பத்து நாளும் பாட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவரது பார்வை திருப்பலியின் தொடக்கத்தில் ஒருமுறை பீடத்தின் ஓரத்தைத் தேடும், பிறகு தாழ்ந்துவிடும். நாம் அதைக் கண்டோம், கண்டும் பொருட்படுத்தவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவருடைய மகள் வந்தார். பொருட்கூடத்து அலமாரியில் கிடந்த பின்னலை எடுத்து அவரிடம் கொடுக்க முற்பட்டோம். அவர் வாங்க மறுத்தார். "பீடத்துக்குன்னு பின்னினது சாமி, இங்கயே இருக்கட்டு. கண்ணு தெரியாம அம்ம ரொம்பக் கஷ்டப்பட்டா. கடைசிப் பூவை மட்டும் எட்டு தடவ பிரிச்சுப் பின்னினா" என்றார். அச்சொற்களில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாயிருந்திருக்கும். பூ ஒன்றுக்கு ஒரு வாரமாக, நான்கு மாதங்களுக்கும் மேலாக ஒரு மங்கிய கண் இழைத்த வேலையை நாம் நான்கு நொடியில் அலமாரிக்குள் தள்ளியிருந்தோம்.

அந்த வேலையின் அருமை கைக்குத் தெரியவர மேலும் பல ஆண்டுகள் ஆயின. படியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, ஆறு வாரம் கட்டிலில் கிடக்க நேர்ந்தது. அதே மருத்துவமனையில் ஓய்வுபெற்ற அருட்சகோதரி ஒருவரும் சிகிச்சையில் இருந்தார். சக்கர நாற்காலியில் வந்து அமர்ந்து குரோஷா பின்னிக்கொண்டிருப்பார். நாம் பொழுது போகாமல் புலம்புவதைக் கேட்டு, ஒரு நாள் ஓர் ஊசியையும் நூற்பந்தையும் நம் மடியில் வைத்துவிட்டார். "கையைச் சும்மா வைக்காதீங்க ஃபாதர். மனசு தானா அடங்கும்" என்றார்.

ஊசி என்று சொன்னாலும் அது தைக்கும் ஊசியன்று. நுனியில் சிறு கொக்கியுடைய கம்பி. 'குரோஷா' என்பதே கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். நூலில் சுருக்கு முடிச்சிட்டு ஒரு கண்ணி உண்டாக்க வேண்டும். கொக்கியால் நூலைப் பற்றி அக்கண்ணியின் வழியே இழுத்தால் இரண்டாவது கண்ணி பிறக்கும். அதன் வழியே மூன்றாவது. இப்படியே சங்கிலி வளரும். பிறகு அச்சங்கிலியின் மேலேயே திரும்பி வந்து அடுத்த வரியைப் பின்ன வேண்டும். சொல்வதற்கு இவ்வளவே. நாமோ முதல் சங்கிலியை இறுக இறுகப் பின்னி, திரும்பி வரும்போது கொக்கி நுழைய வழியில்லாமல் திகைத்தோம். அருட்சகோதரி சிரித்துவிட்டார். "நூலோட கழுத்தை நெரிக்காதீங்க ஃபாதர், விட்டுப் பிடிங்க!" பல ஆண்டுகள் பங்கு மக்களை நடத்திய நமக்கு யாரும் இதுவரை சொல்லாத அறிவுரை அது.

இந்தப் பின்னலின் நுட்பம் ஒன்றை அப்போது அறிந்தோம். இரண்டு ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னும்போது, ஒரு வரியின் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். குரோஷாவில் அப்படியன்று. ஒவ்வொரு பின்னலும் முடிந்தவுடன் கொக்கியில் எஞ்சுவது ஒரே ஒரு கண்ணி. வேலை முழுவதும் அந்த ஒற்றைக் கண்ணியில் உயிரை வைத்திருக்கிறது. பிழை நேர்ந்தால் ஊசியை உருவி நூலை மெல்ல இழுத்தால் போதும். பிழை செய்த இடம்வரை வரிவரியாகப் பிரிந்துவரும். நூல் அறுபடுவதில்லை, ஓர் அங்குலமும் வீணாவதில்லை. அதே நூலால் மீண்டும் பின்னலாம். நாம் எத்தனை முறை பிரித்தோம் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும், பாட்டி பிரித்துப் பின்னிய அந்த எட்டு முறை நம் நினைவில் வந்து நின்றது.

நலமடைந்தபின் பொட்டலத்தை அருட்சகோதரியிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் இதழிதழாகத் தடவிப் பார்த்து, "இது அயர்லாந்து ரோசா" என்றார். குமரி மாவட்டத்துக் கைம்பெண்ணின் கைக்கு அயர்லாந்து நாட்டுப் பூ எப்படி வந்தது? அதன் பின்னே ஒரு பெரும் பஞ்சத்தின் வரலாறு உண்டு. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதையே அன்றாட உணவாகக் கொண்டிருந்த ஏழை மக்களில் சுமார் 10 இலட்சம் பேர் அடுத்த சில ஆண்டுகளில் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். அக்காலத்தில் கார்க் பகுதியில் உர்சுலைன் கன்னியர் முதலானோர் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தனர். குளோன்ஸ் என்னும் ஊரில் 1847இல் இப்பணியைத் தொடங்கிய கசாண்ட்ரா ஹேண்ட் என்பவர் கத்தோலிக்கர் அல்லர். சீர்திருத்தச் சபைக் குருவின் மனைவி. பசி சபை பார்த்து வரவில்லை. உதவியும் சபை பார்க்கவில்லை. ஒருத்தி ரோசாவையும் மற்றொருத்தி இலையையும் பின்னுவாள். வேறொருத்தி அவற்றை வலைப்பின்னலால் இணைப்பாள். நிலம் கைவிட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு நூலும் கொக்கியும் சோறு போட்டன. அந்த ரோசா பின்னர் மாதிரிப் புத்தகங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் ஏறி உலகைச் சுற்றிவந்தது.

இந்த அழகிய கதைக்கு ஒரு நிழலும் உண்டு. நம் அண்டை மாநிலமான ஆந்திராவில் நரசாபுரம் வட்டாரம் குரோஷா லேசுக்குப் பெயர்பெற்றது. அங்கு வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்து பின்னும் ஏழைப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் இல்லத்தரசிகள் என்றும், பின்னுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு என்றும் கருதப்பட்டதால், நாள்தோறும் பல மணி நேரம் உழைத்தும் அவர்களது உழைப்பு உழைப்பாக எண்ணப்படவில்லை என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்ற நம் வழக்குச் சொல் எவ்வளவு கொடியது! துணி நெய்ய விசைத்தறி வந்துவிட்டது. பனியன் பின்ன இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் பெண்கள் கையால் பின்னும் குரோஷாவை அப்படியே பின்னித்தரும் ஆலை இயந்திரம் வழக்கில் இல்லை. அதைப்போல் தோன்றும் துணியையே இயந்திரங்கள் தருகின்றன. எனவே கடையில் உண்மையான குரோஷாத் துணி மிக மலிவாகக் கிடைத்தால், மகிழுமுன் சற்றே நிற்போம். அதைப் பின்னியது ஒரு மனிதக் கை. அந்தக் கைக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? நேரிய கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் சுற்றுமடல் எழுதினார். அதைப் படித்துப் பட்டம் பெற்ற நாமே, கூலி கேளாமல் வந்த கையுழைப்பின் மதிப்பை அறியவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தை இப்போதெல்லாம் வேறு கண்களோடு வாசிக்கிறோம். யோப்பா நகரில் தபித்தா என்ற பெண் சீடர் இறந்துபோனார். பேதுரு வந்தபோது அங்கிருந்த கைம்பெண்கள் அழுதுகொண்டே அவரிடம் எதைக் காட்டினார்கள்? தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துதந்த ஆடைகளை. அவர் சொன்ன சொல் ஒன்றையேனும் திருநூல் பதிவு செய்யவில்லை. அவருடைய கை செய்ததைப் பதிவு செய்திருக்கிறது. ஓர் ஆடையைப் பின்னுகிறவர் நாள் முழுவதும் அதை அணியப்போகிறவரை நினைத்தபடியே இருக்கிறார். ஒவ்வொரு கண்ணியும் அந்த நினைவின் ஒரு மணி. செபமாலை உருட்டுவதற்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. கடையில் வாங்கித் தரும் பரிசில் நம் பணம் இருக்கிறது. கையால் செய்து தரும் பரிசில், திரும்பக் கிடைக்காத நம் வாழ்நாளின் ஒரு பகுதி இருக்கிறது.

நாமும் ஒரு பரிசு பின்னினோம். கடந்த திருவருகைக் காலத்தில், கோயிலுக்கு அண்டை வீட்டில் பிறந்த குழந்தைக்கு நீலக் கம்பளி நூலால் ஒரு குல்லாய். இரவுச் செபத்திற்குப்பின் அரைமணி நேரமாக, மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பக்கம் தொங்கியது. திருமுழுக்கு நாளில் கூச்சத்தோடு கொடுத்தோம். குழந்தையின் பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சாமியா பின்னினிய?" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அவர்கள் கடையில் வாங்கிப் போட்டிருந்த அழகிய குல்லாயைக் கழற்றிவிட்டு, நமது கோணல் குல்லாயைப் பிள்ளையின் தலையில் அணிவித்தார். அந்த நொடியில் நம் கண்கள் நிறைந்தன. ஒரு காலத்தில் நாம் செய்யத் தவறியதை அந்த எளிய தாய் நமக்குச் செய்துகாட்டினார்.

குரோஷா வேலை முடியும்போது நூலைக் கத்தரித்து, அதன் நுனியைக் கடைசிக் கண்ணியின் வழியே இழுத்து முடிச்சிட வேண்டும். அதன்பின் கண்ணி மூடிக்கொள்ளும். அதுவரை எந்தப் பிழையையும் பிரித்துத் திருத்தலாம்; அதற்குப்பின் எளிதன்று. நாம் அந்தப் பாட்டியிடம் போய், "தவறு செய்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். திருவிழா முடிந்தும் ஆறு மாதம் அவர் நம் கண்முன் நடமாடினார். ஆறு மாதமும் கண்ணி திறந்தே இருந்தது. 'பார்க்கலாம்' என்றிருந்துவிட்டோம். யோப்பாவுக்குப் பேதுரு வந்ததுபோல் நம் சிற்றூருக்கு எவரும் வந்து அவரை எழுப்பப் போவதில்லை.

இன்று நாம் பணிசெய்யும் பங்கில், ஆண்டுதோறும் திருவிழாக் கொடியேற்ற நாளில் அந்த ஓரப்பின்னல் பீடத்தை அணிசெய்கிறது. கோணிய இரண்டு பூக்களும் மக்கள் பார்வையில் படும்படி முன்புறமாக விரிக்கச் சொல்கிறோம். இதனால் பழைய பிழை சரியாகிவிட்டது என்று நாம் எண்ணவில்லை. மறவாதிருக்கவே விரிக்கிறோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒருவர் நடுங்கும் கையால் எதையேனும் செய்து உங்களிடம் நீட்டியிருக்கலாம். 'பார்க்கலாம்' என்று அதை எங்கோ வைத்திருப்பீர்கள். இன்று மாலையே தேடி எடுங்கள். செய்தவர் காணும்படி அதை அணியுங்கள், விரியுங்கள், பயன்படுத்துங்கள். கண்ணி இன்னும் திறந்திருக்கிறது.