இலவம்பஞ்சுத் தலையணை

பெரம்பலூரில் அந்தப் பாட்டி, மகளின் தலைப்பிரசவத்துக்கு முன்பே இரண்டு சிறு தலையணைகளைத் தைத்து வைத்திருந்தார். ஒன்றினுள் கடுகு; மற்றதனுள் இலவம்பஞ்சு. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் பூமிதான். ஆயினும் குழந்தையின் தலைக்கு இலவம்பஞ்சே குளிர்ச்சி என்பது அவருடைய கொள்கை. பங்குனியில் முற்றிய காய்களைப் பறித்து, விதை நீக்கி, வெயிலில் உலர்த்தி, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியில் உறை தைத்திருந்தார்.

பேரன் வீட்டுக்கு வந்த அன்றே மகள் இரண்டையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். ஓராண்டு நிறையும் வரை தலையணை கூடாது, சமமான, இறுக்கமான படுக்கையில் மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை.

“பெருமாளே அரவணையில்தான் பள்ளிகொள்கிறார். என் பேரனுக்கு ஒரு தலையணை ஆகாதா?”

“பெருமாளுக்கு மூச்சு முட்டாது, அம்மா.”

மூன்று நாட்கள் பாட்டி அதிகம் பேசவில்லை. மகள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பச்சிளங் குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து குறுகியது. தலையணை உயர்த்தினால் மோவாய் மார்பில் படிந்து மூச்சுப்பாதை நெருக்கப்படும். முகம் பஞ்சில் புதைந்தால் திருப்பிக்கொள்ளும் வலுவும் அதற்கில்லை. தலை உருண்டையாகக் கடுகுத் தலையணையும் தேவையில்லை; விழித்திருக்கும் வேளையில் பெரியவர்கள் அருகிருந்து குப்புறப் படுக்கவைத்தாலும், பின்னர் அதுவாகப் புரண்டு தவழ்ந்தாலும் பெரும்பாலும் தானே சீராகும். பாட்டி கேட்டார்; ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நாற்பது நாட்கள் கழிந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை குழந்தையோடு சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசித்தார்கள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் சன்னிதியாதலால் நல்ல கூட்டம். பிராகாரத்தில் அமர்ந்தபோது பாட்டி மெல்லச் சொன்னார்:

“உன் அண்ணன் இவ்வளவு சிறியவனாக இருந்தபோது, ஒரு நள்ளிரவு, முகம் தலையணையில் புதைந்து கிடந்தான். எதற்கு விழித்தேன் என்று இன்றும் தெரியாது. அம்மன்தான் எழுப்பினாள். உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.”

“பிறகு ஏன் அம்மா மறுபடியும் தைத்தாய்?”

“என் அம்மா எனக்குத் தைத்தாள். பேரனுக்கு வேறு என்ன கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.”

ஐந்தாம் மாதம் பேரன் அரியலூருக்குப் போனான். கடுகு அஞ்சறைப்பெட்டிக்குப் போயிற்று. முதல் ஆண்டு நிறைவில் கல்லங்குறிச்சியில் கம்பமாக நின்றருளும் கலியுக வரதராஜப் பெருமாளைச் சேவித்தார்கள். அப்போதும் பாட்டி தலையணைப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு வயது கடந்தபின், தந்தையின் மடித்த துண்டின்மேல் பேரன் தானே தலை வைத்துப் படுப்பதாக மகள் தெரிவித்தாள். மறுநாளே பாட்டி தையலைப் பிரித்தார். பஞ்சில் பாதிக்குமேல் எடுத்துவிட்டார். மீதியைத் தூசு போக உதறி மறுபடி வெயிலில் காயவைத்தார். இரு விரற்கடை உயரம். பஞ்சு ஒருபுறம் ஒதுங்காதிருக்க நடுவே நெருக்கமான தையல். பொத்தானோ குஞ்சமோ கிடையாது. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். கை புதையவில்லை. துவைக்க வசதியாக இரண்டு பருத்தி உறைகளும் தைத்தெடுத்துக்கொண்டு அரியலூர்ப் பேருந்தில் ஏறினார்.

அன்றிரவு பேரன் சிறிது நேரம் அதில் தலை வைத்தான். பிறகு காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, வெறும் பாயில் மல்லாந்து உறங்கிப்போனான். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பாட்டி தலையணையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டு விளக்கைத் தணிக்கச் சொன்னார்.