சற்றே வளைந்த கழி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கரையில் மணிக்கணக்காக அமர்ந்திருப்பவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் கையிலிருக்கும் கழியைச் செய்தவரைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. அப்படிக் கழி செய்பவர் ஒருவரை நான் நன்றாக அறிவேன். அவர் என் தாய்மாமன். தூத்துக்குடியில் சைக்கிள் பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். உடைந்த தூண்டிற்கழிகளுக்கு வளையம் மாற்றிக் கட்டத் தொடங்கி, இப்போது கேட்பவர்களுக்குப் புதுக் கழியே செய்து கொடுக்கிறார்.

புதுக் கழி என்றால் முழுவதும் அவர் செய்வதன்று. வளையமும் கைப்பிடியும் பூட்டாத வெறுங்கழியைப் ‘பிளாங்க்’ என்ற பெயரில் விற்கிறார்கள். அதை வாங்கி, கைப்பிடி ஒட்டி, ரீல் பொருத்தும் இடத்தை அமைத்து, வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, மேலே எபாக்சி பூசி முடிப்பதே மாமாவின் வேலை. சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவருக்காக எட்டடி நீளக் கார்பன் இழைப் பிளாங்க் ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைத்தார். விலை 2,800 ரூபாய். மாமாவின் ஒரு வார வருமானத்திற்கு அது குறையாது. உறையைப் பிரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழியின் வழியே பார்த்தவர் முகம் வாடிவிட்டது. நுனிப்பகுதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அளந்தபோது விலகல் ஒரு சென்டிமீட்டர். விற்றவரிடம் கேட்டதற்கு, “இந்த அளவு வளைவு இருக்கத்தான் செய்யும், திருப்பி எடுக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டார்.

“இதென்ன பெரிய காரியம்? அடுப்பைப் பத்தவைலே!” என்றார் மாமா.

மாமா சொன்னதில் நியாயம் இருந்தது. மூங்கிற்கழியாக இருந்தால் அதுதான் வழி. ஊரில் சிலம்பக் கம்பு செய்பவர்கள் எண்ணெய் தடவிய மூங்கிலை அனலில் காட்டி, கவட்டையில் கொடுத்து நெம்பி, ஆறும்வரை அப்படியே பிடித்திருப்பார்கள். விட்டபின் அது நேராகவே நிற்கும். மூங்கில் இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் மறுபடி இறுகுவதே இதற்குக் காரணம். மேனாட்டாரும் நெடுங்காலம் மூங்கிலைத்தான் நம்பியிருந்தனர். முதலில் நம் நாட்டு மூங்கிலே கல்கத்தாத் துறைமுகம் வழியாக அங்கே சென்றது. அதைக் ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அழைத்தார்கள். பின்னர் தென்சீனத்துக் குவாங்டுங் மாநிலத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. அதற்கு ‘டோன்கின்’ என்று பெயர். ஆனால் வியட்நாமில் உள்ள டோன்கினில் விளைவதன்று! மக்ளூர் என்ற அமெரிக்கத் தாவரவியலார் 1931-ல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டினார். 1950-ல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதித்தபோது மூங்கில் வரத்து நின்றது. கண்ணாடியிழைக் கழிகள் பெருகின. 1973-ல் பென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கழியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்ததுதான் மாமாவின் மேசைமேல் கிடந்த கழி.

இங்கேதான் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. துணைப்பாட வேதியியலில் நாம் அனைவரும் படித்ததுதான்: சில பிளாஸ்டிக்குகள் வெப்பத்தால் இளகும், சில ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகுவதில்லை. வாளி முதல் வகை. மின்சார சுவிட்சில் இருந்த பேக்கலைட் இரண்டாம் வகை. கார்பன் இழைகளை ஒட்டியிருக்கும் எபாக்சியும் இரண்டாம் வகையே. ஊடுபிசின் ஏற்றிய இழைத்துணியைக் கூம்பிய எஃகுக் கம்பியின்மேல் சுருட்டி, நாடாவால் இறுகச் சுற்றி, சூளையில் வேகவைத்து, கம்பியை உருவிவிடுகிறார்கள். துணியின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் தடிப்பு சற்றுக் கூடும். ஆறும்போது எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் சுருங்குவதில்லை. ஆகவே சிறு வளைவு பெரும்பாலான கழிகளில் உண்டு. அடுப்பில் காட்டினால் பிசின் கெடும், வளைவு போகாது.

“அவிச்ச முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியுமா, மாமா?” என்று கேட்டேன்.

“அப்ப உன் படிப்பு என்னதான் சொல்லுது? ரெண்டாயிரத்து எண்ணூறையும் கடல்ல போடச் சொல்லுதா?” என்றார். கோபத்தில் கேட்டதுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் முதலாண்டுக் கட்டணத்தில் பாதி அந்தக் கடைக் கல்லாவிலிருந்து வந்தது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை.

வளைவை நீக்க முடியாது. எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கழிக்கு ஒரு விறைப்பான பக்கம் உண்டு; அதை அமெரிக்கக் கழிஞர்கள் ‘ஸ்பைன்’, அதாவது முதுகெலும்பு என்பர். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை உள்ளங்கையில் தாங்கி, நடுவில் அழுத்தி உருட்டினால் கழி ஓரிடத்தில் துள்ளி நிற்கும். அதை வைத்தே வளையம் கட்ட வேண்டும் என்று மாமாவும் கேள்விப்பட்டிருந்தார். எனக்கு இந்தச் சோதனையில் நம்பிக்கையில்லை. ஏற்கெனவே வளைந்த கழி, விறைப்பு எப்படியிருந்தாலும், தன் வளைவுக்கேற்ற நிலைக்கே துள்ளும். இரண்டையும் பிரித்தறிய அந்தச் சோதனையால் ஆகாது.

நம் ஆய்வுக்கூடத்தில் யங் குணகம் காணச் செய்வதையே கடையில் செய்தேன். அடியைப் பட்டறைப் பிடியில் துணி சுற்றி இறுக்கினேன். நுனியருகே அளவுகோலை நிறுத்தினேன். எடையின்றி ஓர் அளவு, 100 கிராம் தொங்கவிட்டு ஓர் அளவு. இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இயற்கை வளைவு கணக்கில் சேராது. கழியை எட்டில் ஒரு சுற்றாகத் திருப்பித் திருப்பி எட்டு முறை அளந்தேன். எதிரெதிர்ப் பக்கங்களில் இறக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. கோட்பாட்டின்படி அப்படித்தான் வரவேண்டும். மிகக் கூடியது 93 மில்லிமீட்டர், மிகக் குறைந்தது 89. நான்கே மில்லிமீட்டருக்காகவா இத்தனை பேச்சு! வளைந்த திசையும் விறைத்த திசையும் ஒன்றல்ல என்பதும் தெரிந்தது.

“மீன் இழுக்கும்போது கழி கையில் முறுக்கிக்கொள்ளாதா?” என்று மாமா கேட்டார். முறுக்குவது ஸ்பைனால் அன்று; பெரும்பாலும் வளையங்கள் நிற்கும் இடத்தால். வளையங்கள் கழியின்மேல் நின்றால் நரம்பின் இழுப்பு அவற்றைக் கீழே புரட்டப் பார்க்கும். கீழே தொங்கினால், ஊசல் குண்டைப் போல, அவை இருக்கவேண்டிய இடத்திலேயே இருக்கின்றன. வங்கி அலுவலர் கேட்டிருந்ததோ கழிக்கு அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல். அந்தக் கவலை இல்லை.

இரண்டு சோடாப் பாட்டில்களைப் படுக்கவைத்து அவற்றின்மேல் கழியை மெல்ல உருட்டினோம். நுனி மிக உயர்ந்த நிலையில் சாக்பீசால் கோடு போட்டார் மாமா. வளைவு மேல்நோக்கி, வளையங்கள் நேர் கீழே. அப்படி வைத்தால் பக்கவாட்டில் கழி நேராகத் தெரியும். வளையங்களின் வழியே பார்க்கும் கண் பக்கவாட்டுக் கோணலைத்தான் உடனே பிடிக்கும். மேல்நோக்கிய சிறு வளைவை வளையங்களின் எடையே ஓரளவு இழுத்து இறக்கிவிடும். எபாக்சி பூசியபின் எதையும் மாற்ற முடியாது என்பதால் மாமா மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நூலைச் சுற்றினார். பூச்சு ஒருபக்கம் வழியாமலிருக்க, சில நிமிடத்திற்கொருமுறை கழியைக் கால் சுற்றுத் திருப்பியபடி இருவரும் இரவு பதினொரு மணிவரை விழித்திருந்தோம்.

மறுவாரம் அலுவலர் வந்தார். கழியின் வழியே பார்த்து, “ரொம்ப நேர்த்தி” என்றார். வாங்கிய பணத்தோடு மாமா பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ கழியைக் குப்புறத் திருப்பி, “இப்பப் பாருங்க சார். பிளாங்க்லயே இந்த வளைவு இருக்கு. அதை மேல்பக்கமா வச்சுக் கட்டியிருக்கோம். வேண்டாம்னா அட்வான்ஸைத் திருப்பித் தந்திருதேன்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அலுவலர் சிறிது நேரம் யோசித்தார். 300 ரூபாய் குறைக்கச் சொன்னார், 200-க்கு முடிந்தது.

ஞாயிறுதோறும் அவர் அந்தக் கழியோடு கடற்கரைக்குப் போகிறார். பாறை மீன் பிடித்ததாக ஒருமுறை கடைக்கு வந்து சொன்னாராம். எடையைச் சொன்னபோது மாமா பாதியைத்தான் நம்பினாராம். மாமா இப்போது பிளாங்க்கை நேரில் போய்த்தான் வாங்குகிறார். பையில் இரண்டு காலிப் பாட்டில்கள் இருக்கும். கடை மேசையிலேயே அவற்றைப் படுக்கவைத்து உருட்டிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்கிறார். விற்பவர் முகத்தைச் சுளிக்கிறாராம்.