ஓடிய தாதி



இந்த வாரத் தியானத்துக்கு 2 சாமுவேல் 4:4ஐ எடுத்துக்கொள்வோம். இஸ்போசேத்தின் கொலையை விவரிக்கும் அதிகாரத்தின் நடுவே, சம்பந்தமில்லாததுபோல் வந்து நிற்கும் வசனம் அது. சவுலும் யோனத்தானும் மாண்ட செய்தி வந்தபோது யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயது. தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடிய அவசரத்தில் பிள்ளை விழுந்தான். இரு கால்களும் முடமாயின. தாதியின் பெயரை வேதம் சொல்லவில்லை. அவளைக் குற்றப்படுத்தவும் இல்லை.

நெடுங்காலம் இந்த வசனத்தை நான் மேவிபோசேத்துக்காகவே வாசித்து வந்தேன். தாதியை எனக்குக் காட்டியவர் நம் சபையின் தாய் ஒருவர். அவருடைய சம்மதத்தோடும், அடையாளம் தெரியாதவாறும் இதை எழுதுகிறேன்.

இலங்கையிலிருந்து வந்து இங்கே ஸ்காபரோவில் வாழ்கிறார். மகனுக்கு ஓட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. சில வாரங்களாக அவரை ஆராதனையில் காணாததால் வீட்டுக்குச் சென்றேன். தேநீரை என் முன்னே வைத்துவிட்டு, "பாஸ்டர், நாங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் பிள்ளை இப்படி ஆகியிருப்பானா?" என்று கேட்டார். பனிக்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைத்து வைத்தது, வேலைக்குப் போகவேண்டித் தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்தது, வயிற்றில் சுமந்தபோது அழுதது என்று, தன்மேல் ஒரு குற்றப்பத்திரிகையே எழுதி வைத்திருந்தார்.

ஓட்டிசம் இவற்றால் வருவதன்று. அது மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தாயின் பாசக்குறைவே காரணம் என்று 1950களிலும் 60களிலும் மருத்துவ அறிஞர் சிலரே எழுதினார்கள். அக்கருத்து பொய்யென்று கைவிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆயினும் நம் உறவினரின் தொலைபேசி உரையாடல்களில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. யோவான் 9இல் சீஷர்கள் கேட்ட கேள்வியும் அதுவே: இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா? ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டார். நாமோ ஜெபக்கூட்டத்தில் அதையே மெல்லிய குரலில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. மூன்று ஆண்டுகளாக அந்தத் தாய் மகனோடு தமிழ் பேசவில்லை. இரண்டு மொழிகள் பிள்ளையைக் குழப்பும், ஆங்கிலம் மட்டுமே பேசுங்கள் என்று யாரோ சொன்னார்களாம். தமக்கு நன்கு வராத மொழியில் சில கட்டளைச் சொற்களை மட்டும் கற்று, வா, இரு, சாப்பிடு என்று சொல்லி வந்தார். தாலாட்டை நிறுத்திவிட்டார். வீட்டில் இரண்டு மொழிகள் கேட்டு வளர்வதால் இத்தகைய பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதைச் சொன்னபோது அவர் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

பிறகு பள்ளிக் கடிதம் ஒன்றைக் காட்டினார். மகனுக்கான தனிக்கல்வித் திட்டம் அது. கூட்டத்தில் வாசித்தார்கள், தலையசைத்தேன், கையெழுத்திட்டேன் என்றார். அருமையானவர்களே, இதை நீங்கள் அறிந்திருக்கவேண்டும். ஒன்ராறியோவின் பள்ளிகளில், சிறப்புக் கல்விக்குரிய இடம் தொடங்கி 30 பள்ளி நாட்களுக்குள் இத்திட்டம் ஆயத்தமாகவேண்டும். அதை எழுதும்போது பெற்றோரைக் கலந்தாலோசிக்கவேண்டும். பிள்ளையின் வகுப்பையும் இடத்தையும் தீர்மானிக்கும் குழுவின் கூட்டத்துக்குத் தம் சார்பில் பேச ஒருவரை உடன் அழைத்துச் செல்ல, 181/98ஆம் விதியின்படி தாய்க்கு உரிமை உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேட்கலாம். நம் சபையில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கணக்காளர்கள் இருக்கிறார்கள். இந்தத் தாயோ ஒவ்வொரு முறையும் தனியாகவே போய் வந்திருக்கிறார்.

விடைபெறும்போது, ஏன் ஆராதனைக்கு வரவில்லை என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். பிரசங்கத்தின் நடுவே பிள்ளை சத்தமிட்டபோது, "கீழே உள்ள அறையில் வசதியாக இருக்கும்" என்று ஓர் ஊழியரிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். எனக்கு நினைவேயில்லை. அந்த அறையில் ஒலிபெருக்கி இல்லை, பாடல் கேட்காது. அன்று அரைமணி நேரம் அங்கே இருந்துவிட்டு, பேருந்து ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு அவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

வீடு திரும்பி 2 சாமுவேல் 9ஐ வாசித்தேன். தாவீது ஆளனுப்பி, லோதேபாரிலிருந்து மேவிபோசேத்தை வரவழைக்கிறான். அவன் நித்தமும் ராஜாவின் பந்தியில் புசித்தான் என்று முடிகிற அதிகாரம், கடைசி வரியில் அவனுடைய இரு கால்களும் முடமாயிருந்ததை மறுபடியும் சொல்கிறது. கால்கள் குணமாகவில்லை. குணமானால் வா என்று ராஜா சொல்லவுமில்லை.

கடந்த ஞாயிறு அவர்கள் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்தார்கள். பிரசங்கம் முழுவதும் பிள்ளை முனகிக்கொண்டே இருந்தான். சில இடங்களில் நான் நிறுத்தித் தொடர்ந்தேன். ஆராதனைக்குப் பின் சபை விருந்தில், சோறும் பருப்பும் ஒன்றையொன்று தொட்டால் அவன் உண்ணமாட்டான் என்பதை நம் மூத்த சகோதரி ஒருவர் தாயிடம் கேட்டு அறிந்துகொண்டார். இரண்டு தட்டுகள் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை எல்லாவற்றையும் உண்டான். அடுத்த பள்ளிக் கூட்டத்துக்குத் தாயோடு போகப்போகிறவரும் அவரே.