கீ ஒன்னு, வேல்யூ எத்தனை?

ஒரத்தநாடு பக்கம் யாரிடமாவது "உங்க வயலுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வார்த்தையில் பதில் வராது. "புது ஆத்துல தண்ணி வந்தா அது, இல்லேன்னா போர்தான். ஐப்பசியில மழையே போதும்" என்பார்கள். புது ஆறு என்று நாங்கள் சொல்வது கல்லணைக் கால்வாயை. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடினால் ஒரு கணக்கு, திறப்பு தள்ளிப்போனால் வேறு கணக்கு. ஆக, 'நீர் ஆதாரம்' என்ற ஒரு கேள்விக்கு மூன்று பதில். மூன்றும் சரி.

இதையே ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலில் எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள்? 'நீர்.ஆதாரம் =' என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகு? கமா போட்டு மூன்றையும் எழுதுவதா? அதே வரியை மூன்று தடவை எழுதுவதா? சின்ன விஷயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் இதனால் எங்கள் வயலில் பயிர் முங்கியிருக்கிறது நண்பர்களே, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எங்கள் வயலில் ஒரு பழைய ப்ராஜெக்ட் டீம், தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் வைத்தது. வயலில் தண்ணீர் ஒரு அளவுக்கு மேல் ஏறினால் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். ஜாவாவில் எழுதிய புரோகிராம், பக்கத்தில் ஒரு ப்ராப்பர்டீஸ் ஃபைல். அதில் இப்படி இருந்தது (புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்):

தகவல்.எண் = தாத்தாவின் எண்
தகவல்.எண் = சித்தப்பாவின் எண்

படித்தால் என்ன தோன்றுகிறது? ரெண்டு பேருக்கும் மெசேஜ் போகும் என்றுதானே? போகவில்லை. சித்தப்பாவுக்கு மட்டும்தான் போனது. அவர் இருப்பது திருப்பூரில். தாத்தா இருப்பது வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில். கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி தண்ணீர் ஏறியது, சித்தப்பா போனை விடிந்த பிறகுதான் பார்த்தார். நட்டு இருபது நாள் ஆன சம்பா. தாத்தாவுக்கு ராத்திரியே தெரிந்திருந்தால் மண்வெட்டியோடு போய் வரப்பை வெட்டி வடிகாலில் விட்டிருப்பார். அதற்குள் வடிகாலும் நிரம்பிவிட்டது.

இந்த வருஷம் அந்த ப்ராஜெக்ட் எங்கள் கைக்கு வந்தது. எல்லாரும் சொன்னது "சிக்னல் கிடைச்சிருக்காது" என்பதுதான். லாக் எடுத்துப் பார்த்தால் தாத்தாவின் எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப முயற்சியே நடக்கவில்லை. அந்த எண் புரோகிராமுக்குள் போய்ச் சேரவே இல்லை.

காரணம் இதுதான். ஜாவாவின் ப்ராப்பர்டீஸ் என்பது அடிப்படையில் ஒரு ஹேஷ்டேபிள். ஒரு கீக்கு ஒரு வேல்யூ. அதே கீ மறுபடி வந்தால் பழைய வேல்யூவைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். எரர் கிடையாது, வார்னிங் கிடையாது. மேல் வரி ஃபைலில் கண்ணுக்குத் தெரியும், மெமரியில் இருக்காது.

சரி, எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று தேடினேன். அங்கேதான் வேடிக்கை. அதே ஃபைலை அப்பாச்சி காமன்ஸ் கான்ஃபிகரேஷன் என்ற லைப்ரரியில் படித்தால் ரெண்டு எண்களும் ஒரு லிஸ்ட்டாகக் கிடைக்கும். பைத்தானின் கான்ஃபிக்பார்சர் பழைய 2ஆம் பதிப்பில் சத்தமில்லாமல் கடைசியை எடுத்துக்கொள்ளும், 3.2இலிருந்து ஒரே கீ ரெண்டு தடவை வந்தால் எரர் கொடுத்து நின்றுவிடும். டாமல் ஃபார்மட்டில் அது செல்லாத ஃபைல். ஜேசானுக்கு 2017இல் வந்த ஆர்எஃப்சி 8259, பெயர்கள் தனித்தனியாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது என்கிறது. கிட் கான்ஃபிக்கில் ஒரே கீக்குப் பல வேல்யூ வைத்துக்கொள்ளத் தனி வசதியே உண்டு. ஃபைல் ஒன்றுதான், படிப்பவர் மாறினால் அர்த்தம் மாறுகிறது.

"கமா போட்டால் முடிஞ்சுதே" என்று நினைப்பீர்கள். போன் எண்ணுக்குச் சரி. முகவரி வந்தால்? '12, வடக்குத் தெரு, ஒரத்தநாடு' என்பது ஒரு வேல்யூ. கமாவில் வெட்டினால் மூன்று. மேலே சொன்ன அப்பாச்சி லைப்ரரி 1.x பதிப்புகளில் கமாவைப் பார்த்ததும் தானாகவே வெட்டும். 2.0இல் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டு, வேண்டும் என்றால் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாற்றினார்கள். அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பயிர்க்கடன் வேலையாகத் தாத்தா எங்கள் சிட்டாவை எடுத்து வரச் சொன்னார். நான் இங்கிலீஷ் மீடியம், அதை எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். கூட்டுப் பட்டா. மேலே ஒரே ஒரு பட்டா எண். அதன் கீழே உரிமையாளர்கள் 1, 2, 3 என்று ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொருவருக்கும் இன்னார் மகன், இன்னார் மனைவி என்ற விவரம். அதற்கும் கீழே புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை என்று அட்டவணை. ஒரு கீ, அதற்கு ரெண்டு லிஸ்ட். கமாவில் நெருக்கவில்லை, வரிசை எண் போட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த பெயர் முன்னால் இருந்த பெயரை அழிக்கவில்லை. அழித்திருந்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள், ஊரே கோர்ட்டில் நிற்கும்.

சிட்டா பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. வரிசையில் முதலில் இருப்பதால் ஒருவருக்குப் பங்கு அதிகம் என்று ஆகாது. அங்கே வரிசைக்கு அர்த்தமில்லை. எங்கள் எஸ்எம்எஸ் லிஸ்ட்டில் அர்த்தம் உண்டு: வயலுக்குப் பக்கத்தில் இருப்பவர் முதலில். லினக்ஸில் மொழி வரிசையை 'தமிழ்:ஆங்கிலம்' என்பது போலக் கோலன் போட்டுக் கொடுத்தால், முதலில் தமிழ், மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் ஆங்கிலம். அங்கேயும் வரிசைதான் விஷயமே. ஆக 'பல வேல்யூ' என்று சொன்னால் மட்டும் பத்தாது, வரிசை முக்கியமா என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே மாதிரி, ரெண்டு ஃபைல் இருந்தால் சேர்ப்பதா, மாற்றுவதா? ஸ்ப்ரிங் பூட்டில் ஒரு லிஸ்ட்டை இன்னொரு ப்ரொஃபைலில் மறுபடி கொடுத்தால் பழைய லிஸ்ட் முழுவதும் போய்விடும், கடைசியில் ஒட்டிக்கொள்ளாது. "ஒரு எண்ணைச் சேர்த்தேன்" என்று நினைத்து மற்ற எல்லா எண்களையும் தூக்கியிருப்போம்.

நாங்கள் செய்த மாற்றம் பெரிதல்ல. தகவல்.எண்.1, தகவல்.எண்.2 என்று எண் போட்டோம், சிட்டா மாதிரியே. ஒரே கீ ரெண்டு தடவை வந்தால் புரோகிராம் கிளம்பாது, எந்த வரி என்று சொல்லிவிட்டு நிற்கும். கிளம்பும்போது "2 பேருக்குத் தகவல் போகும்" என்று எண்ணிக்கையையும், கூடவே பெயர்களையும் காட்டும். தாத்தா அதைப் பார்த்துவிட்டு, "எம் பேரு மொதல்ல இருக்குல்ல, அது போதும்" என்றார்.

உங்கள் ப்ராஜெக்ட்டில் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு கீயை வேறு வேறு வேல்யூவோடு ரெண்டு தடவை எழுதி ரன் பண்ணுங்கள். எரர் வந்தால் நிம்மதி. ரெண்டும் கிடைத்தால் சரி, ஆனால் எந்த வரிசையில் என்று பாருங்கள். எதுவுமே நடக்காமல் அமைதியாக ஓடினால், எந்த வரி காணாமல் போனது என்று தேடுங்கள். வைவாவில் யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனாலும் ரிவ்யூவுக்கு முன்னாடி பார்த்துவிடுங்கள்.