எழுவாய் இல்லாத வினை

போன கிழமை ஆங்கில வகுப்பில் 'இன்ஃபினிட்டிவ்' பயிற்சி தந்தார்கள். 'டு' போட்டு, அதற்குப் பின்னால் வினைச்சொல்லை அப்படியே எழுத வேண்டும். அது காலமும் காட்டாது, ஆளையும் காட்டாது. தமிழில் செய்ய, பார்க்க, போக என்று வருகிற எச்சம் மாதிரி. பத்து வசனமும் ஒரு டொக்டரின் ஒருநாள் வேலையைப் பற்றியவை.

எங்கட வீட்டிலயும் ஒரு டொக்டர் இருக்கிறா. அக்கா. ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்து, 5 வருசம் எம்.பி.பி.எஸ்.ஸை இங்கிலிஷில் முடித்து, இப்ப ஒரு வருச இன்டேர்ன்ஷிப். இரவு டியூட்டி முடிந்து வந்தவவிடம் கொப்பியை நீட்டினேன்.

மூன்றாவது வசனத்துக்கு இரண்டு விடைகள். 'ஸ்டொப்ட் டு ஈட்' என்றால் சாப்பிடுவதற்காக வேலையை நிறுத்தினார். 'ஸ்டொப்ட் ஈட்டிங்' என்றால் சாப்பிடுவதையே நிறுத்தினார். எது சரி?

"ரெண்டும் சரி. நேற்று ரெண்டு மணிக்குத்தான் சாப்பிடுவம் எண்டு வேலையை விட்டனான். பார்சலைப் பிரிக்க வாட்டில இருந்து கோல். அதோட சாப்பாட்டையும் விட்டாச்சு."

வாட் ரவுண்டில் பெரிய டொக்டர் சொல்வதை நோயாளியின் டிக்கெட்டில் எழுதுவதும் இப்படித்தானாம். 'டு ரிப்பீட் பிளட்.' 'டு டூ எக்ஸ்ரே.' யார் செய்வது என்று அதில் இராது.

"ஆர் எண்டு எழுதத் தேவையில்லை. இன்டேர்ன்தான்."

கடைசிக் கேள்வி, சொந்தமாக ஒரு வசனம் எழுதுவது. எனக்கு உடனே வந்தது எங்கள் வீட்டு வசனம்: 'டொக்டரா வரோணும்.' இங்கிலிஷில் எழுதப் போய்த் தடக்குப்பட்டுவிட்டேன். எங்கட 'வேணும்' விருப்பத்துக்கும் வரும், கட்டாயத்துக்கும் வரும். இங்கிலிஷில் 'வோன்ட் டு'வா 'ஹாவ் டு'வா என்று ஒன்றைத் தெரிய வேண்டும். எழுவாயும் கட்டாயம் வேண்டும். அக்கா ஐந்தாம் வகுப்புப் படித்த காலத்திலிருந்து இந்த வசனம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆருக்கு வேணும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் கலைப்பீடத்துக்கு எடுபட்டதோடு அது என்னை விட்டுவிட்டது. பாரம் முழுக்க அக்காவின் தலையில்.

"அக்கா, உங்களுக்கு வோன்ட் டுவா, ஹாவ் டுவா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"ஏ.எல். எடுக்கேக்க ஹாவ் டு. இப்பவும் கனநாள் அதுதான். ஆனா முந்தநாள் ஒரு அம்மா, ஒரு கிழமையா ஒட்சிசனில கிடந்தவ, தானா எழும்பி ஜன்னலடி வரைக்கும் நடந்தவ. டியூட்டி முடிஞ்சும் நான் வெளிக்கிடேல்ல. பாத்துக்கொண்டு நிண்டனான். அதுக்கு நீ என்ன போடுவாய்?"

கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டா.

எழுவாயையும் சேர்த்து எழுதினேன்: 'மை சிஸ்டர் வோன்டட் டு ஸ்டே.' மற்ற நாட்களைப் பற்றித் தெரியாது. அந்த ஒரு நாளுக்கு இது சரி.