நிணமும் நிணநீரும்

நற்பொருள் தந்த சொற்கள் சில, காலப்போக்கில் வசையாகத் திரிந்துவிடுவதுண்டு. ‘கொழுப்பு’ என்பது அத்தகையதொரு சொல். கொழுமை எனில் செழுமை. கொழுத்த பயிர் உழவனுக்கு உவகை. ஆயினும் இளைஞனொருவன் எதிர்த்துப் பேசினால், “உனக்குக் கொழுப்பு மிகுந்துவிட்டது” என்கிறோம். இதே பொருளுக்குப் பழந்தமிழில் வழங்கிய மற்றொரு சொல் ‘நிணம்’. அறிவியலைத் தமிழில் எழுதப் புகுந்த அறிஞர்கள், ‘லிம்ஃப்’ எனப்படும் உடல்நீருக்கு ‘நிணநீர்’ எனப் பெயர் சூட்டினர். நோயை எதிர்க்கும் அணுக்கள் உலவும் நீர் அது. நிணத்துக்கும் நோயெதிர்ப்புக்கும் உள்ள உறவு, இப்பெயருக்குள் எத்துணை அழகாகப் பொதிந்து கிடக்கிறது என்பதை என் குடும்பத்துக்கு வந்த நோயொன்று எனக்கு உணர்த்திற்று.

என் தமக்கையின் மகனுக்கு இருபத்து மூன்று அகவை. மெலிந்த உடலினன். ஓராண்டுக்கு மேலாக வயிற்றுவலியும் கழிச்சலும் அவனை வாட்டின. எடை குறைந்துகொண்டே வந்தது. கண்டதையும் கடையில் தின்றதன் விளைவென்று உற்றார் பழித்தனர். நம் நாட்டில் குடற்காசநோயும் குரோன் நோயும் ஒன்றுபோலவே தோற்றமளிப்பதால், இன்ன நோயென்று துணிவதற்கே பல திங்கள் ஆயின. முடிவில் அது குரோன் நோயே என்றனர். சிறுகுடலின் கடைப்பகுதி சுருங்கி அடைபட்டிருந்தமையால் அறுவை செய்ய நேர்ந்தது. நோயுற்ற குடலைக் கொழுப்பு சுற்றிப் பற்றியிருந்ததாக மருத்துவர் கூறினார். அதனைக் கேட்ட பிள்ளை என்னிடம், “மாமா, எலும்பும் தோலுமாய்க் கிடக்கிற எனக்கு ஏது கொழுப்பு? என் உடம்பே எனக்குப் பகையா?” என்றான். அவ்வினாவுக்கு விடை தேடியே மருத்துவ நூல்களைப் புரட்டலானேன்.

1913-ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகர் அறுவை மருத்துவர் டால்சியல் இத்தகைய நோயை விவரித்தார். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் அதனைத் தனி நோயாக வரையறுத்தனர். குரோன் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. இந்நோயில் வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு, அழற்சி கண்ட குடற்பகுதியை நோக்கி வளர்ந்து, விரல்களால் பற்றுவதுபோல் அதனைத் தழுவிக்கொள்கிறது. ‘ஊர்ந்தேறும் கொழுப்பு’ என மருத்துவர் இதனைக் குறிப்பர். மெலிந்தோரிடமும் இது காணப்படுவதே வியப்பு.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டின் வயிற்றைத் திறக்கையில், குடலை முதுகுப்புறத்தோடு பிணைத்து நிற்கும் கொழுப்பு மிகுந்த சவ்வினை நாம் கண்டிருக்கிறோம். மனிதருக்கும் அவ்வமைப்பு உண்டு. குடலுக்குக் குருதி கொணரும் நாளங்களும், நிணநீர்க் குழாய்களும், நிணநீர் முடிச்சுகளும் அக்கொழுப்பினுள்ளேயே அமைந்துள்ளன. நெய்யுணவு உண்டபின் குடலிலிருந்து வரும் நிணநீர் பால்போல் வெளுத்திருக்குமாம். ‘நிணநீர்’ என்ற பெயர் இவ்விடத்தில் முற்றும் பொருந்துகிறது.

நெடுங்காலம் கொழுப்பினை எரிபொருள் சேமிக்கும் கிடங்கென்றே கருதினர். 1994-இல், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்து ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்பணுக்கள் சுரக்கும் ‘லெப்டின்’ என்ற இயக்குநீரைக் கண்டறிந்தபின் அக்கருத்து மாறலாயிற்று. இக்கிடங்கில் காவலரும் குடியிருக்கின்றனர் என்பதும் தெளிவாயிற்று. கிருமியை விழுங்கும் பேரணுக்கள், பகையை நினைவிற்கொள்ளும் டி-அணுக்கள் எனப் பலவகை எதிர்ப்பணுக்கள் அங்கே வாழ்கின்றன.

அக்காவலர் குடலை நோக்கி ஏன் திரள வேண்டும்? லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சிடார்ஸ் சினாய் ஆய்வாளர் 2020-இல் இதற்கொரு விளக்கம் தந்தனர். அழற்சியால் குடற்சுவர் பழுதுறும்போது, உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் சில உயிரோடு வெளியேறிக் கொழுப்பினுள் புகுகின்றன. அவற்றுள் முதன்மையானது ‘கிளாஸ்ட்ரிடியம் இன்னாக்குவம்’. இலத்தீனில் ‘இன்னாக்குவம்’ என்பதற்குத் ‘தீங்கற்றது’ என்பது பொருள்! அந்நுண்ணுயிர்கள் உடலெங்கும் பரவாவண்ணம் தடுக்கவே கொழுப்பு பெருகிச் சூழ்கிறது என்பது அவர்தம் கருத்து. கரை உடைந்த இடத்தில் ஊரார் கூடி மண்மூட்டை அடுக்குவது போன்றதே இது.

ஆயினும் வெள்ளம் வடிந்தபின்னும் மூட்டைகள் குவிந்துகொண்டே இருந்தால் வாய்க்கால் அடைபடுமன்றோ! காவல் ஓயாதபோது கொழுப்பு நாராக இறுகுகிறது; குடலும் இறுகிச் சுருங்குகிறது. கொழுப்பிலுள்ள அணுக்கள் வெளியிடும் டி.என்.எஃப். முதலிய பொருள்கள் அழற்சியை வளர்க்கின்றன. வேலியே பயிரை மேயும் நிலை இதுதான்.

எனில், அக்கொழுப்பை அடியோடு அகற்றிவிடலாமே எனத் தோன்றும். குடலோடு அச்சவ்வையும் நீக்கியோர்க்கு மறு அறுவை குறைந்ததென அயர்லாந்தின் லிமெரிக் நகர் மருத்துவர் 2018-இல் எழுதினர். ஆனால் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் நடைபெற்று 2024-இல் வெளியான ஒப்பாய்வில், கொழுப்பை மிகுதியாக அகற்றியதனால், ஆறு திங்களுக்குள் நோய் மீளுவது குறையவில்லை. காவலரைக் களைவதினும் அவர்தம் சினத்தைத் தணிப்பதே இன்றைய மருத்துவத்தின் நெறியாக உள்ளது. டி.என்.எஃப்.-ஐக் கட்டுப்படுத்தும் ‘இன்ஃபிளிக்சிமாப்’ என்ற மருந்து, 1998-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஏற்பளிக்கப்பட்டது. இன்று நம் மருத்துவமனைகளிலும் அது வழங்கப்படுகிறது.

இவற்றையெல்லாம் அறிந்தபின் மருமகனுக்கு நான் சொன்ன விடை இதுவே: “உன் உடம்பு உனக்குப் பகையன்று, தம்பி. உன்னைக் காக்கத் தொடங்கியது. நிறுத்தும் எல்லையை மறந்துவிட்டது. அந்த எல்லையை மருந்தால் நினைவூட்டுவோம்.” அவன் சற்றே சிரித்தான். இவ்வாண்டு நோன்பு நோற்க இயலவில்லையே என்னும் அவன் வருத்தத்துக்கு, நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை எடுத்துரைத்தேன்.

காக்கும் கடமை பெரிது. அதனினும் பெரிது, காவலின் எல்லையறிந்து ஓய்தல். தாய்தந்தையர்க்கும், ஆசிரியர்க்கும், நாடாள்வோர்க்கும் இஃது ஒக்கும். நோயுற்றோர் அனைவர்க்கும் எல்லாம்வல்ல இறைவன் நலமருள்வானாக!