பாலிசியில் எழுதாத பெயர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் எங்கள் உறவினர் ஒருவர் விடுமுறைக்குத் திருவண்ணாமலை வந்திருந்தபோது, பெருமூச்சோடு ஒரு செய்தி சொன்னார். அவருடைய மகள் பதினாறு வயதிலேயே கார் ஓட்ட உரிமம் பெற்றுவிட்டாளாம். அவள் பெயரைக் குடும்பக் காப்பீட்டில் சேர்த்ததும் பிரீமியம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டதாம். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளுக்கு அங்கே காப்பீட்டில் தள்ளுபடி உண்டென்பதால், மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி அவருக்கிருந்த கவலை வேறு வகையானது!

எங்கள் மகனுக்கு அப்பொழுது பதினேழரை வயது. அச்சத்தோடு எங்கள் காப்பீட்டு முகவரை நாடி, மகனைச் சேர்த்தால் எவ்வளவு கூடும் என்று வினவினோம். அவர் நகைத்தார். "நம் ஊர் பாலிசியில் பிள்ளையின் பெயரை எழுத இடமே கிடையாது சார். வண்டிக்குத்தான் பாலிசி. யார் ஓட்டினாலும் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீட்டின் விகிதத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். ஓட்டுபவர் பதினெட்டு வயதினராயினும் எண்பது வயதினராயினும் தொகை ஒன்றே.

செலவில்லை என்று மகிழ்ந்து வீடு திரும்பினோம். "லைசென்ஸ் இருக்க வேண்டும்" என்ற சொற்களை இருவருமே சரியாகக் காதில் வாங்கவில்லை.

மறுமாதம் ஒரு மாலையில், பாட்டியைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வருவதாகக் கூறி மகன் சாவியை எடுத்தான். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், தடுக்கவில்லை. செங்கம் சாலையில் பின்னோக்கி எடுக்கையில் இளநீர்த் தள்ளுவண்டி ஒன்றின் மீது மோதிவிட்டான். வண்டிக்காரர் ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தார். சக்கரம் நொறுங்கியது, காய்கள் சாலையெங்கும் உருண்டன. அவருக்குரியதை அன்றே கொடுத்துவிட்டோம். எங்கள் காரின் பம்பரும் பின்விளக்கும் சேர்த்துப் பட்டறையில் பதினெட்டாயிரம் கேட்டார்கள்.

"நீங்களே ஓட்டினதா எழுதிக் குடுத்துடுங்க சார், யாருக்குத் தெரியப் போகுது?" என்று அறிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். இழப்பீட்டுப் படிவத்தில் ஓட்டியவர் பெயர், உரிம எண் ஆகியவற்றிற்குக் கட்டங்கள் இருந்தன. எழுதிவிடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டபோது, மற்றவர் உடனே மறுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். படிவம் இரவு முழுவதும் மேசைமேல் கிடந்தது. காலையில் மகன் வந்து, "அப்பா, யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்லணும்?" என்றான். அதற்குமேல் எழுத எங்களால் இயலவில்லை. நகைச்சீட்டுக்கு வைத்திருந்த பணம் பட்டறைக்குப் போயிற்று.

பிறகுதான் சட்டத்தைக் கேட்டறிந்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி, உரிய வயது வராத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. ஒருகால் அந்த இளநீர்க்காரருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால்? 2004-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை முகவர் விளக்கினார். உரிமமில்லாதவர் ஓட்டிய வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுக்கும். பின்னர் உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்கும். எங்கள் வீட்டையே விற்றாலும் அடையாத கடனாக அது இருந்திருக்கக் கூடும்.

பதினெட்டு நிறைந்த பின்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எல்.எல்.ஆர். வாங்கினோம். முப்பது நாள் கழித்துத்தான் தேர்வு. அதுவரை 'எல்' பலகை கட்டி, உரிமம் உள்ள ஒருவர் அருகில் அமர்ந்து பழக்கினோம். பௌர்ணமி நாளிலும் கார்த்திகைத் தீப நாள்களிலும் சாவியைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மனிதர்கள் நடக்கும் நாளில், தேர்ந்த ஓட்டுநர்களே திணறுவார்கள்.

உரிமம் வந்த மூன்றாம் வாரமே மாட வீதித் திருப்பத்தில் கதவை உரசிக்கொண்டு வந்தான். பட்டறையில் 6,500 ரூபாய் என்றார்கள். இம்முறை தாராளமாக இழப்பீடு கோரலாம். ஆயினும் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தோம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குத் தரும் 'நோ கிளெய்ம் போனஸ்' 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். ஒருமுறை கோரினால் சுழியத்துக்கு இறங்கும். நாங்கள் 35-இல் இருந்தோம். சொந்தச் சேதப் பிரீமியம் ஆண்டுக்குப் பத்தாயிரம் எனக் கொண்டால், மீண்டும் 50-ஐ எட்டும்வரை நாங்கள் இழக்கவிருந்தது 4,500, 3,000, 2,500, 1,500, 500, ஆகப் பன்னிரண்டாயிரம். தவிர, முதல் ஆயிரம் ரூபாயை எப்படியும் நாமே ஏற்க வேண்டும். 6,500-க்காக இத்தனையையும் விடுவதா? கையிலிருந்தே கொடுத்தோம். அதில் பாதியை மகன் விடுமுறையில் டியூஷன் சொல்லிக்கொடுத்து மாதம் ஐந்நூறாக அடைத்தான்.

இன்னொன்றையும் தாமதமாகவே கவனித்தோம். பாலிசியோடு வரும் பதினைந்து லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, பதிவுச் சான்றில் பெயருள்ள உரிமையாளருக்கே உரியது. ஓட்டும் மகனுக்கு அதனால் பயனில்லை. அவன் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்தோம். அவனுக்காக நாங்கள் கட்டும் கூடுதல் பிரீமியம் அது ஒன்றுதான்.

ஞாயிறு திருப்பலிக்கு இப்போது அவனே எங்களை அழைத்துச் செல்கிறான். செங்கம் சாலையில் எங்கள் காரைக் கண்டதும் இளநீர்க்காரர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டுவார். மற்றொரு கையால் தம் வண்டியைச் சற்று உட்புறமாக இழுத்தும் வைத்துக்கொள்வார்.